பெரிய லெகோ மாடல் பாதியில் சிக்கினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

9,090 பார்ட் கொண்ட டைட்டானிக் கப்பல், 7,541 பார்ட் கொண்ட மில்லேனியம் ஃபால்கன் விண்கலம், 3,599 பார்ட் கொண்ட புகாட்டி சிரோன் கார். இந்த அளவு செட்களைக் கட்டும்போது சிக்கிக்கொள்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் பிரச்சினைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக ஒன்று மட்டும். சேர வேண்டிய பார்ட் சேரவில்லை என்றால் பலம் கொடுத்து அமுக்காதீர்கள். சரியான இடத்தில் வைத்த சரியான பார்ட் விரல் அழுத்தத்திலேயே உட்கார்ந்துவிடும். கட்டைவிரல் வலிக்கும் அளவுக்கு அமுக்க வேண்டியிருந்தால், தவறு இந்தப் படியில் இல்லை, பத்திருபது பக்கம் முன்னால் இருக்கிறது. நின்று எண்ணிப் பாருங்கள்.

## பார்ட் குறைகிறது

### பையைக் கொட்டியவுடன் கண்ணில் படவில்லை

பெரிய செட்களில் ஒரே எண் போட்ட பைகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பெரிய பைக்குள் சின்னப் பை ஒன்று இருக்கும், அதைப் பிரிக்காமலே காலிப் பையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கலாம். நீளமான பார்ட்கள் சில பைக்குள்ளேயே வராது, பெட்டியில் தனியாகக் கிடக்கும். 1×1 அளவு பார்ட்கள், அதாவது ஒரே ஒரு வட்டக் குமிழ் அளவே உள்ளவை, பையின் மூலையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு செட் முடியும்வரை அதன் காலிப் பைகளைக் குப்பையில் போடாதீர்கள்.

### பாதி கட்டிய பிறகு ஒன்று இல்லை

இதில் பத்துக்கு ஒன்பது முறை அந்தப் பார்ட் மாடலுக்குள்ளேயே இருக்கும். தவறான இடத்தில் போட்டிருப்பீர்கள். தட்டில் மிச்சம் கிடப்பதுதான் துப்பு. கறுப்பு 2×4 பிளேட் (குமிழ் உள்ள மெல்லிய தட்டைப் பார்ட்) வேண்டும், ஆனால் கையில் இருப்பது அடர்சாம்பல் 2×4 பிளேட் என்றால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அந்தப் பை தொடங்கிய பக்கத்துக்குப் போய், அந்த ஒரு வடிவத்தை மட்டும் தேடிக்கொண்டே பக்கங்களைப் புரட்டுங்கள். சீக்கிரம் கிடைத்துவிடும். மாறிய பார்ட் உள்ளே மறைகிற இடத்தில் இருந்தால் பிரிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிட்டுத் தொடருங்கள்.

கறுப்பு, அடர்நீலம், அடர்பழுப்பு மூன்றும் இரவு விளக்கில் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆக்சில் (கியரும் சக்கரமும் மாட்டும் தண்டு) நீளத்தில் குழப்பம் என்றால் அச்சிட்ட மேனுவலில் அது உண்மை அளவில் வரையப்பட்டிருக்கும், அந்தப் படத்தின் மேலேயே ஆக்சிலை வைத்துப் பார்க்கலாம். கைபேசியில் பிடிஎஃப் பார்த்துக் கட்டுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் ஆக்சிலை ஒரு பிரிக்கின் பக்கத்தில் வைத்து, எத்தனை குமிழ் நீளம் என்று எண்ண வேண்டும்.

### எங்கு தேடியும் இல்லை

மேனுவலின் கடைசிப் பக்கங்களில் எல்லாப் பார்ட்டின் படமும், அதன் கீழே ஆறு அல்லது ஏழு இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண் வடிவத்தையும் நிறத்தையும் சேர்த்தே குறிக்கும். செட் எண், இந்த எண் இரண்டையும் லெகோவின் வாடிக்கையாளர் சேவைப் பக்கத்தில் கொடுத்தால், புதுச் செட்டில் விடுபட்ட பார்ட்டைப் பொதுவாக இலவசமாகவே அனுப்புவார்கள். பார்ட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது வேறு எண். அது வடிவத்துக்கு மட்டும்தான், அதைக் கொடுத்தால் நிறம் மாறி வரக்கூடும்.

விற்பனை நின்றுபோன செட் என்றால் பிரிக்லிங்க் போன்ற சந்தையில் தனியாக வாங்க வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. 2003-04 காலத்தில் லெகோ தன் சாம்பல், பழுப்பு நிறங்களையே மாற்றியது. பழைய செட்டுக்குப் புதிய சாம்பல் வாங்கினால் லேசான நீலச் சாயலோடு தனியாகத் தெரியும். வாங்கும்முன் நிறத்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள்.

பார்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்ளே மறைகிற இடமாக இருந்தால் வேறு நிறத்தில் அதே வடிவத்தைப் போட்டுக் கட்டிக்கொண்டே போகலாம்.

## பை முடிந்துவிட்டது, பார்ட் மிஞ்சுகிறது

1×1 டைல் (மேலே குமிழ் இல்லாத தட்டைப் பார்ட்), சின்னப் பின் (துளைகளை இணைக்கும் முளை), பூ, கைப்பிடி போன்ற பொடிப் பார்ட்கள் ஒன்றிரண்டு மிஞ்சுவது இயல்பு. எடை குறைந்த பார்ட்களில் ஒன்று கூடுதலாகவே போட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

2×3 பிளேட், நீளமான பீம் (வரிசையாகத் துளை உள்ள சட்டம்), கியர் இப்படி ஏதாவது மிஞ்சினால் அடுத்த பையைத் திறக்காதீர்கள். அது எங்கேயோ உட்கார வேண்டிய பார்ட். அந்தப் பையின் பக்கங்களை ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கியர் மிஞ்சியிருந்தால் கண்டிப்பாக.

## இரண்டு பகுதிகள் ஒட்டி நிற்கவில்லை

டைட்டானிக் 135 செ.மீ. நீளம், மூன்று துண்டுகளாகப் பிரிந்து சேரும். 149 செ.மீ. உயர ஐஃபல் கோபுரம் நான்கு துண்டு. இந்தத் துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு கோடு போல இடைவெளி தெரிகிறது என்பதுதான் நான் அதிகம் கேட்கிற குறை.

### இடைவெளி ஒரு பக்கம் மட்டும் இருந்தால்

ஏதோ ஒரு பார்ட் முழுசாக உட்காரவில்லை. மாடலைச் சன்னல் பக்கம் திருப்பி, சேரும் முகத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தூக்கியிருக்கிற பிளேட்டின் அடியில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். கண்ணுக்குப் படாவிட்டால் நகத்தை விளிம்போரமாக இழுங்கள், தூக்கியிருக்கும் இடத்தில் நகம் தடுக்கும். டைட்டானிக்கின் அடர்சிவப்பு அடிப்பகுதியில் இந்த நகச் சோதனைதான் கைகொடுக்கும், அந்த நிறத்தில் நிழல் எது, இடைவெளி எது என்று கண் ஏமாந்துவிடும். கண்டுபிடித்த இடத்தை அடியில் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேலே அழுத்துங்கள். தாங்காமல் அழுத்தினால் கீழே வேறொன்று கழன்றுவிடும்.

### இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்

நடுவில் ஏதோ முட்டுகிறது. முதலில் டெக்னிக் (கியரும் ஆக்சிலும் வரும் லெகோ வகை) பின்களைப் பாருங்கள். பின்னின் நடுவில் ஒரு வளையம் உண்டு. அந்த வளையம் துளையின் விளிம்போடு மட்டமாக இறங்கியிருக்க வேண்டும். ஒரு பின் பாதியில் நின்றாலும் முழுத் துண்டையும் அது தள்ளிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஆக்சில் முனை ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் ஒரு குமிழ் தள்ளிக் கட்டியிருக்கிறீர்கள். இரண்டு துண்டிலும் விளிம்பிலிருந்து முதல் பின் துளைவரை குமிழ்களை எண்ணி, மேனுவல் படத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை மாறும் இடத்திலிருந்து பிரித்துக் கட்ட வேண்டியதுதான், வேறு குறுக்குவழி இல்லை.

### சேர்கிறது, ஆனால் நீளவாக்கில் வாழைப்பழம் போல வளைகிறது

ஒரு பிரிக்கின் அகலம் கணக்குப்படி 8 மி.மீ., உண்மையில் 7.8 மி.மீ. பக்கத்துப் பிரிக்கோடு உரசாமல் இருப்பதற்கான இடைவெளி அது. அந்த இடைவெளியில் தூசியோ முடியோ புகுந்தால், நீள வரிசையில் எல்லாம் கூட்டிச் சேர்ந்து வளைவாகத் தெரியும். முதலில் மாடலை மட்டமான மேசையில் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே நேராகிவிடும்.

வேறு கம்பெனிப் பிரிக்குகளைக் கலந்திருந்தால் அவற்றைச் சந்தேகப்படுங்கள். ஒன்றிரண்டில் தெரியாது. இருபது முப்பது வரிசையாகப் போட்டால் அளவு மாறுவது நன்றாகத் தெரியும். அந்த வரிசையை மட்டும் மாற்றினால் போதும்.

## கியர் சுற்றவில்லை, அல்லது டக் டக் என்று தட்டுகிறது

டெக்னிக் செட்களில் இது தலைவலி. டைட்டானிக்கிலும் உண்டு: பின்னாலிருக்கும் புரொப்பெல்லரைச் சுற்றினால் உள்ளே எஞ்சின் பிஸ்டன்கள் ஏறி இறங்க வேண்டும். மேல்தளம் மூடிய பிறகு சுற்றவில்லை என்று தெரிந்தால் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே ஆக்சில் சேர்க்கிற ஒவ்வொரு படியிலும் விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

### சுற்றுகிறது, ஆனால் இறுக்கமாக இருக்கிறது

முதல் காரணம் புஷ். ஆக்சிலில் மாட்டும் அந்தச் சின்ன வளையத்தைப் பீமோடு ஒட்டி அமுக்கியிருப்பீர்கள். ஒரு தாள் புகும் அளவுக்கு வெளியே இழுங்கள், பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

இரண்டாவது, பின்னின் நிறம். பொதுவாகக் கறுப்பும் நீலமும் இறுக்கிப் பிடிக்கும் வகை, சாம்பலும் வெளிர்மண் நிறமும் தாராளமாகச் சுற்றும் வகை. சுற்ற வேண்டிய மூட்டில் கறுப்புப் பின் போட்டிருந்தால் அது பிரேக் போட்டது போல நிற்கும்.

மூன்றாவது, சட்டகம் கோணலாக இருப்பது. ஒரே ஆக்சில் மூன்று பீம்களைக் கடந்து போகிறது, அதில் ஒரு பீம் மட்டும் பின்னில் சரியாக அமரவில்லை என்றால் ஆக்சில் லேசாக வளைந்து உரசும். ஆக்சிலை உருவி, துளைகள் வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். மூன்று துளையும் ஒரே நேர்கோட்டில் வட்டமாகத் தெரிய வேண்டும்.

### சுத்தமாக நின்றுவிடுகிறது

கியர்பாக்ஸ் உள்ள காரில் இரண்டு கியர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். கியர் மாற்றும் திருகு துண்டு மேனுவலில் எந்தத் திசை காட்டுகிறதோ அதே திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். கால்வட்டம் தள்ளி மாட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

அது சரியாக இருந்தால் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். கியர் வரிசையின் நடுவில் ஒரு கியரை ஆக்சிலில் நகர்த்தித் தொடர்பை அறுங்கள். எஞ்சின் பக்கம் சுற்றுகிறதா, சக்கரப் பக்கம் சுற்றுகிறதா? நிற்கிற பக்கத்தை மறுபடி பாதியாக்குங்கள். எவ்வளவு பெரிய மாடலாக இருந்தாலும் நான்கைந்து முறையில் இடம் தெரிந்துவிடும். முழுசாகப் பிரித்துப் போட்டுத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, அவ்வளவு உழைப்பும் வீண்.

### பல் தட்டுகிறது

கியர் அளவு மாறியிருக்கலாம். இரண்டு ஆக்சில்களுக்கு இடையே 2 குமிழ் தூரம் என்றால் சேரும் இரண்டு கியரின் பற்கள் கூட்டி 32 வர வேண்டும்: 16-ம் 16-ம், 8-ம் 24-ம், 12-ம் 20-ம். 3 குமிழ் தூரத்துக்கு 48. 16 பல் கியர் வர வேண்டிய இடத்தில் 12 பல் கியர் இருந்தால் தொட்டும் தொடாமலும் தட்டும்.

வெள்ளை 24 பல் கியர், நடுவில் சாம்பல் வட்டத்தோடு இருந்தால், அது பாரம் கூடினால் நழுவுவதற்கென்றே செய்தது. அது தட்டினால் கோளாறு அங்கே இல்லை, அதற்கு அடுத்து ஏதோ சிக்கியிருக்கிறது.

### மோட்டார் உள்ள மாடல்

4,108 பார்ட், 7 மோட்டார் கொண்ட லிப்ஹெர் எக்ஸ்கவேட்டர் மாதிரியான செட்டில் முதலில் பேட்டரி, அடுத்து பிளக் சரியான துளையில் இருக்கிறதா என்பது, அடுத்து கைபேசி ஆப்பில் மறுபடி இணைப்பது. மோட்டாரைக் கழற்றித் தனியாக ஓட்டிப் பாருங்கள். தனியாக ஓடினால் கோளாறு கியரில். தனியாகவும் ஓடவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொண்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். மோட்டாரையோ பேட்டரிப் பெட்டியையோ திறக்காதீர்கள்.

## தூக்கினால் உதிர்கிறது

முதலில் தூக்கும் இடம். மில்லேனியம் ஃபால்கனின் மேல்தகடுகள் எலும்புக்கூட்டின் மேல் லேசாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அடியில் கைவிட்டு, உள்ளே இருக்கும் டெக்னிக் சட்டத்தைப் பிடித்து, இரண்டு பேராகத் தூக்க வேண்டும். டைட்டானிக்கை மூன்று துண்டாகப் பிரித்துத்தான் இடம் மாற்ற வேண்டும், முழுசாகத் தூக்கும் வேலையே வேண்டாம்.

சரியாகத் தூக்கியும் ஒரே இடம் திரும்பத் திரும்பக் கழன்றால், அங்கே ஒரு பிரிக்கின் ஓரமும் அடுத்த அடுக்கின் ஓரமும் ஒரே கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். சுவர் கட்டும் கொத்தனார் இப்படி விடமாட்டார். அந்தக் கோட்டைக் கடந்து போகிற மாதிரி ஒரு நீளப் பிளேட்டை உள்பக்கம் போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் நிமிர்ந்த பூட்டு: ஒரு துளைப் பிரிக் (பக்கவாட்டில் துளை உள்ளது), அதன் மேல் இரண்டு பிளேட், மறுபடி ஒரு துளைப் பிரிக். இப்போது இரண்டு துளைகளுக்கும் நடுவே 16 மி.மீ. இருக்கும், அதாவது சரியாக 2 குமிழ். பக்கவாட்டில் ஒரு பீமை நிமிர்த்தி வைத்துப் பின் அடித்தால் அந்த அடுக்கு கழலாது.

ஒட்டுப் பசை மட்டும் வேண்டாம். சூப்பர் க்ளூ ஆவியில் சுற்றிலும் வெள்ளை படியும், அப்புறம் அந்தப் பார்ட்டைக் காப்பாற்ற முடியாது.

## பார்ட் பிரிய மறுக்கிறது, அல்லது பிரிக்கும்போது உடைகிறது

ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிய இரண்டு பிளேட்டுக்கு, மேலே ஒரு பிரிப்பானும் (பார்ட்டை நெம்பும் சின்னக் கருவி) கீழே ஒரு பிரிப்பானும் போட்டு நெம்புங்கள். பல்லும் கத்தியும் தழும்பு வைக்கும். துளைக்குள் மாட்டிக்கொண்ட பின்னை எதிர்ப்பக்கமிருந்து ஆக்சிலால் தள்ளுங்கள்.

செம்பழுப்பு நிறப் பார்ட் என்றால் கூடுதல் கவனம். 2000-களிலும் அதற்குப் பின் சில வருடங்களிலும் வந்த செட்களில் இந்த நிறம் எளிதில் விரிசல் விடும், முக்கியமாகக் கவ்விகளும் 1×2 பிளேட்டுகளும். ஏசி குளிரில் பிரிக்காதீர்கள். கையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றிவிட்டு, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். பழைய செட் ஒன்றை விற்கவோ வாங்கவோ போகிறீர்கள், அதில் செம்பழுப்பு நிறைய இருக்கிறது என்றால், பழைய செட்களைப் பிரித்துப் பழகியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

## நீங்கள் செய்த மாற்றம் பொருந்தவில்லை

செட்டைக் கட்டி முடித்த பிறகு உள்ளறை சேர்ப்பது, சுவரைக் குமிழ் தெரியாமல் பக்கவாட்டில் கட்டுவது, இதெல்லாம் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். இங்கே வரும் கோளாறு கணக்கில்தான் இருக்கும்.

### புதுப் பகுதி புடைத்து நிற்கிறது

பிளேட் 3.2 மி.மீ., பிரிக் 9.6 மி.மீ., குமிழ் தூரம் 8 மி.மீ. பக்கவாட்டில் திருப்பிக் கட்டும்போது இந்த இரண்டு அளவும் சந்திக்கும் இடங்கள் குறைவு: 5 பிளேட் உயரமும் 2 குமிழும் 16 மி.மீ., 5 பிரிக் உயரமும் 6 குமிழும் 48 மி.மீ. 2 குமிழ் இடத்தில் 6 பிளேட் திணித்தால் 3.2 மி.மீ. புடைக்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

### புடைப்பு ஒரு பிளேட்டைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது

பிராக்கெட்டை (L வடிவப் பார்ட்) பாருங்கள். அதன் பக்கவாட்டுத் தகடு அரைப் பிளேட் தடிமன், 1.6 மி.மீ. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். பக்கக் குமிழ் சற்று உள்வாங்கியிருக்கும் ஹெட்லைட் பிரிக்கை அங்கே போட்டால் அந்த அரைப் பிளேட் ஈடாகிவிடும்.

### பொருந்தியது, மறுநாள் டைல் தானாகக் கழன்றது

உள்ளே அழுத்தம் இருக்கிறது. பிளேட்டை ஓரத்திலிருந்து பாருங்கள், வில் போல வளைந்திருக்கும். அப்படியே விட்டால் பார்ட் விரிசல் விடும். அந்தப் பகுதியைக் கழற்றி மேசையில் தனியாகக் கட்டி, ஓர் இரவு வைத்து, வளையவில்லை என்று தெரிந்த பிறகு மாடலில் ஏற்றுங்கள். பெரிய மாற்றம் என்றால் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் முதலில் கட்டிப் பாருங்கள். பார்ட்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும் இடத்தை அது காட்டிக்கொடுக்கும், பார்ட் வாங்கும் பணமும் மிஞ்சும்.

## விளக்கு எரியவில்லை

தனியாக வாங்கிப் பொருத்தும் விளக்குகளைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாமே எரியவில்லை என்றால் யுஎஸ்பி கம்பியையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரம் எரிந்து அணைகிறது என்றால் பவர் பேங்க் காரணமாக இருக்கலாம். இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்க்குகள் தாமாக நின்றுவிடும்.

ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பிளக்கை வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். அங்கே எரிந்தால் கோளாறு பிளக்குகள் மாட்டும் சின்னப் பலகையில். அங்கும் எரியவில்லை என்றால் கம்பி நசுங்கியிருக்கும். கம்பி குமிழ்களுக்கு இடையில்தான் போக வேண்டும், குமிழ் மேலே ஏறினால் பிரிக் அதை வெட்டிவிடும்.

சூடோ கருகல் வாசனையோ வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கும் எந்த வேலையும் எலக்ட்ரீஷியன் கையில்தான் நடக்க வேண்டும்.

## வெள்ளை மஞ்சளாகிறது

முதலில் அது அழுக்கா என்று பாருங்கள். சமையலறைப் புகையும் சாம்பிராணிப் புகையும் படியும். 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும். போகவில்லை, மூடியிருந்த பகுதி மட்டும் வெள்ளையாக இருக்கிறது என்றால் அது வெயில் செய்த வேலை. மாடலைச் சன்னலிலிருந்து நகர்த்துங்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்க வைத்து வெயிலில் விட்டால் பெரும்பாலும் வெளுக்கும். கையுறை போடுங்கள். குமிழி கட்டிப் பார்ட் மிதக்கும், மேலே கண்ணாடித் தட்டு ஒன்றை வையுங்கள். படம் அச்சான பார்ட்டையும் ஸ்டிக்கர் ஒட்டியதையும் உலோகம் உள்ளதையும் இதில் போடாதீர்கள், அவற்றுக்கு மாற்று வாங்குவதுதான் வழி.

## அலமாரி நடுவில் தொய்கிறது

பெரிய மாடலின் கோளாறு சில நேரம் மாடலில் இருக்காது. டைட்டானிக்கில் சேரும் இடம் மேலே மட்டும் அல்லது கீழே மட்டும் விரிகிறது என்றால் அலமாரிப் பலகையின் மேல் நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அடியில் ஒரு தாங்கி கொடுக்க வேண்டும். சுவரில் தொங்கவிட நினைத்தால் செட்டை எடைபோட்டுக்கொண்டு தச்சரைக் கூப்பிடுங்கள். திருகு எந்தச் சுவரில் நிற்கும், எதில் நிற்காது என்று அவருக்குத்தான் தெரியும்.